மெரூன் கோடு

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. லேத் பட்டறையில் எண்ணெய், வெல்டிங் பட்டறையில் புகை, பெயின்ட் அடிக்கிற இடத்தில் மூக்கைப் பிடுங்கும் தின்னர். எங்கள் ஷெட்டில் மட்டும் நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும். முதல் தடவை வருகிற கஸ்டமர் வாசலிலேயே நின்று, அட்ரஸ் சரிதானா என்று போர்டை இன்னொரு முறை படிப்பார். உள்ளே எட்டு மீசைக்கார ஆண்கள் ஆளுக்கொரு நெயில் பாலிஷ் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். எட்டு பேரில் நானும் ஒருவன். என் கலர் ரோஸ்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் ஒயரிங் அக்கா. பெயர் வேண்டாம். அந்தப் பேட்டையில் அவர் பெயரைச் சொன்னால், “அட, அந்த மறதிக்காரியா?” என்று கேட்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருடம் நான் அங்கே டெஸ்டிங் பார்த்தேன். நாங்கள் செய்தது மின்சார பேனல். மோட்டார், பம்பு, ஜெனரேட்டர் இவற்றை ஓடவும் நிற்கவும் வைக்கிற இரும்புப் பெட்டி. உள்ளே நூற்றுக்கணக்கில் ஒயர் போகும். ஒவ்வொரு ஒயரின் நுனியையும் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்து முறுக்க வேண்டும். முறுக்குகிறவர் அக்கா. முறுக்கியது சரியா என்று சோதித்து வெளியே அனுப்புகிறவன் நான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்றாலும், டிப்ளமா படித்தவன் என்பதற்காக என்னை “சார்” என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு ஞாபகசக்தி அதிகம். அதைவிட அதைப் பற்றிய கர்வம் அதிகம். எந்தப் பேனலில் எத்தனையாவது ஒயர் எங்கே போகிறது என்று டிராயிங்கைப் பார்க்காமல் சொல்வேன். டெஸ்டிங் நோட்டு எழுதச் சொன்னால் நெற்றியைத் தட்டிக் காட்டி, “இங்க இருக்கு” என்பேன். இப்படிப்பட்டவன் அக்காவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தண்ணீர் பிடிக்கப் போவார். குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதில் சுற்ற டேப் எடுக்க ஸ்டோருக்குப் போவார். அங்கே போன வாரம் தொலைந்த, ஒயர் நுனியை நசுக்குகிற கிரிம்பிங் டூல் கண்ணில் படும். அடடா என்று அதை எடுத்து வந்து பாதியில் விட்ட பேனலுக்கு ஒயர் நறுக்க உட்கார்ந்துவிடுவார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் பாட்டில் காலி என்று தெரியும். குழாய் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். டிபன் பாக்ஸ் மாதம் ஒன்று தொலையும். ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் கியூவில் நின்று, முறை வந்ததும் கார்டு வீட்டில் இருப்பது நினைவுக்கு வரும். ஒருநாள் ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் மகளின் செருப்புமாக வந்தார். சாயங்காலம் நான் சொல்லித்தான் கீழே பார்த்தார்.

அதே அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து ஒயரிங்கில் இறங்கிவிட்டால் தீர்ந்தது. பக்கத்தில் கிரேன் விழுந்தாலும் திரும்ப மாட்டார். பேட்டைச் சங்கு காதில் விழாது. டீ வந்து, ஆறி, மேலே ஆடை கட்டி, அந்த ஆடையில் ஒரு கொசுவும் விழுந்திருக்கும். அவர் டீயைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததே இல்லை. அவர் கட்டிய ஒயர்க் கட்டுகளைப் பார்த்தால் படிய வாரிய தலை மாதிரி இருக்கும். ஒரு மயிர் பிசிறியிருக்காது.

“இவ்ளோ நல்லா வேலை செய்யறவங்க, ஒரு டிபன் பாக்ஸை ஞாபகமா எடுத்துட்டுப் போக முடியாதா அக்கா? கொஞ்சம் கவனமா இருக்கலாம்ல?” என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

“கவனமா இருன்னு எங்கம்மா சொல்லிச்சு, டீச்சரு சொல்லிச்சு, மாமியா சொல்லிச்சு. அம்பது தடவ சத்தியம் பண்ணிக்கீறேன் சார், இனிமே மறக்க மாட்டேன்னு. மறக்க மாட்டேன்னு சொல்ற ஆள நம்பாதீங்க. மறந்தா இன்னா பண்ணுவேன்னு சொல்லட்டும், அப்ப நம்பலாம்.”

இதுதான் அக்கா. இந்த ஒரு பேச்சுக்குள் முழு ஆளும் இருக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாக்கு சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து காலையில் கம்பெனி வேன் எங்களை ஏற்றிக்கொண்டு வரும். திருநீர்மலை அருகில் வந்ததும் மலையும் மேலே கோவிலும் கண்ணாடி வழியாகத் தெரியும். வேனில் இருக்கிற மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அக்கா முதலில் குனிந்து தன் காலைப் பார்ப்பார். பிறகு பையைத் திறந்து சாப்பாடு, கண்ணாடி, சாவி, பர்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஏதாவது குறைந்தால் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போக அதுதான் கடைசி வசதியான இடம். பேச்சு சுவாரசியத்தில் அவர் மலையைப் பார்க்காமல் விட்டுவிட்டால் டிரைவர் குரல் கொடுப்பார்: “அக்கா, பெருமாள் வந்துட்டாரு, பைய தொற!”

“உங்க பெருமாள் தயவுலதான் சார் என் பொழப்பு ஓடுது. கும்புடறவங்க யாரு, கும்புடாதவங்க யாருன்னு பாக்காம எனக்கும் ஞாபகப்படுத்தறாரு!” என்று புர்காவைச் சரிசெய்துகொண்டே சிரிப்பார்.

காலை எதற்குப் பார்க்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. அந்த ஜோடி மாறின சம்பவத்துக்குப் பிறகு செருப்பைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். கேட்டபோது வேறு கதை வந்தது.

ஒரு மாதத்தில் மூன்று தடவை கேஸ் மூடினோமா இல்லையா என்ற பயத்தில் திருநீர்மலையில் இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மூன்று தடவையும் மூடித்தான் இருந்தது. மூன்றாம் தடவை ஆத்திரம் தாங்காமல், மகளின் மெரூன் நெயில் பாலிஷை எடுத்து, மூடிய நிலையில் ரெகுலேட்டர் குமிழிலிருந்து அதன் உடம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். குமிழைத் திருப்பினால் கோடு உடையும். மூடினால் கோடு சேரும். யோசிக்க வேண்டாம், தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

“ஆனா பார்க்கணுமே? அதையும் மறந்துட்டா?” என்றேன்.

“அதான் செருப்பு! செருப்ப கொண்டுபோயி சிலிண்டர் பக்கத்துல உட்டுட்டேன். அத எடுக்கப் போனா கோடு கண்ணுல பட்டே ஆவணும். இப்ப வேன்ல உக்காந்து கால பாக்கறேன். செருப்பு கால்ல கீதா, கேஸ் மூடியிருக்கு. முடிஞ்சுது மேட்டரு.”

“சமையல் ரூம்ல செருப்பா? மாமியார் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம? மூணு நாள் பேசல. நாலாவது நாள், வூடு எரியறதுக்கு செருப்பு தேவலன்னுடுச்சு.”

அந்த நெயில் பாலிஷ் பாட்டில்தான் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. பிரஷ்ஷைக் கத்தரியால் மெல்லிசாக நறுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து பிளாஸ்டிக் வரைக்கும் ஒரு சின்னக் கோடு. யாராவது பாதியில் கூப்பிட்டுவிட்டாலோ, அவர் மனசே அவரை எங்கேயாவது கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாலோ, திரும்பி வந்து எது வரைக்கும் முறுக்கினோம் என்று தடவிப் பார்க்க வேண்டியதில்லை. கோடு இருந்தால் முறுக்கியது. இல்லாவிட்டால் முறுக்காதது.

நான் கிண்டலடித்தேன். பேனலுக்கு மருதாணி வைக்கிறீர்களா என்றேன். அக்கா கண்டுகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

“டெஸ்டிங்ல நீங்க எதுனா கழட்டி மாட்டுனீங்கன்னா சொல்லுங்க சார். நான் வந்து மறுபடி பாத்து கோடு போட்டுடறேன்.”

கழற்ற வேண்டியிருக்கும்தான். பேனலின் உள்ளே அதிக வோல்ட் விட்டுச் சோதிக்கும் முன்னால் அதன் மூளையான கன்ட்ரோலருக்குப் போகிற ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கருகிப்போகும். சோதனை முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். “எனக்கு ஞாபகம் இருக்கும்க்கா,” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன்.

மத்தியானம் ஸ்டோர் ரூம் மூலையில் அட்டைப்பெட்டியை விரித்து அக்கா தொழுவார். ஒருநாள் ஏதோ சாமான் எடுக்கப் போனவன் வாசலில் காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் மறுபடி இரண்டு முறை நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தார். வெளியே வந்ததும், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“விசேஷம்லாம் இல்ல. நாலு ரக்அத், நாலு சுத்து தொழணும். மூணா நாலான்னு கொழம்பிப்போச்சு. அப்டி ஆச்சுன்னா ஒண்ணு கூட்டித் தொழுதுட்டு, கடைசீல ரெண்டு சஜ்தா சேத்துப் போடணும். மறதி சஜ்தா.”

“மறந்ததுக்குத் தண்டனையா?”

“தண்டன இல்ல சார். ஏற்பாடு. மறப்பாங்கன்னு படைச்சவனுக்குத் தெரியும். ரெண்டு சஜ்தா போடு, எழுந்துரு, போய் வேலையப் பாருன்னு வச்சிக்கீறான். நம்ம மேனேஜர்தான் ஒண்ணும் வைக்க மாட்டேன்றாரு!”

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும் அவருக்கு. மேசையில் பேனாக்கள் கூட அட்டென்ஷனில் நிற்கும். அக்கா அவர் கண்ணில் விழுந்த தூசி.

ஒரு திங்கட்கிழமை அக்கா கையில் ஜாங்கிரி டப்பாவோடு வந்தார். மகள் வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று டீச்சர் சொல்லி, குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். டப்பாவைப் பார்த்து, மகளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“அவளுக்கும் கீது, எனக்கும் கீது!” என்று ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார். “டாக்டரு கேள்வி கேட்டுகினே வராரு. சாமான் தொலைக்குமா, பேசறப்ப பராக்கு பாக்குமா, ஒரு வேலைய பாதீல உட்டுட்டு இன்னொண்ணுக்குப் போவுமான்னு. ஆமா டாக்டர், ஆமா டாக்டர்ன்றேன். அம்மா, நான் கேட்டது கொழந்தையப் பத்தி, நீங்க சொல்றது யாரப் பத்தின்னாரு. அப்பாலே என்னையும் தனியா நாலு வாட்டி வரச்சொல்லி உக்கார வச்சி கேட்டாரு. ஏ.டி.எச்.டி.யாம் சார். மூள செஞ்ச விதமே அப்டியாம். கவனம் இல்லாம இல்ல, அது நாம சொன்ன எடத்துல நிக்காதாம், அவ்ளோதான்.”

“இதுக்கா அக்கா ஸ்வீட்டு?”

“பின்ன? சோம்பேறி, பொறுப்பில்லாதவ, திமிரு புடிச்சவ. முப்பத்தெட்டு வருஷமா மூணு பேர தூக்கி சொமந்துகினு இருந்தேன். மூணையும் எறக்கி வச்சிட்டு ஒரே பேரா குடுத்துட்டாரு. எங்கம்மா உயிரோட இருந்திருந்தா மொத ஜாங்கிரி அதுக்குத்தான்.” சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மறக்காமல் போட என்ன வழி என்று யோசித்து, அதை டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு வைத்திருப்பதாக அடுத்த வாரம் சொன்னார்.

மேனேஜரும் அன்று ஜாங்கிரி சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று விரலைக்கூட நக்கினார். ஆனால் சாப்பிட்டதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கேட்டதை மனசில் குறித்துக்கொண்டார்.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் மண்டப விவகாரம் வந்தது. சேலையூர் பக்கம் ஒரு புதுக் கல்யாண மண்டபம். கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தானாகவே ஓடவைக்கும் பேனலை நாங்கள்தான் கொடுத்திருந்தோம். முதல் கல்யாணத்திலேயே, ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கிறபோது கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் அசையவில்லை. யாரோ ஓடிப்போய்க் கையால் கிளப்புவதற்குள் பந்தியில் பாயசம் யார் மடியில் விழுந்தது என்று கூடத் தெரியவில்லையாம். மறுநாள் காலையில் மண்டபத்துக்காரர் எங்கள் முதலாளிக்கு போன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது.

முதலாளி அறையில் எங்களைக் கூப்பிட்டார். மேனேஜர் தயாராக இருந்தார்.

“சார், நான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். ஒயரிங்ல ஏதோ லூஸ் கனெக்ஷன். அந்தம்மாவுக்கு ப்ராப்ளம் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாம சொல்லல, அவங்களே ஸ்வீட் கொடுத்து சொன்னாங்க. பேக்கிங்குக்கு மாத்திடலாம் சார். தெர்மாகோல் வைக்கிற வேலை, மறந்தாலும் ஆபத்தில்ல. அதுவும் முடியாதுன்னா வேலைக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்.”

அக்கா முகத்தை நான் பார்த்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியும் வாடாத முகம் அது. அன்றைக்கு வாடியது. சந்தோஷமாகச் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து அவர் மேலேயே வீசினால் வேறென்ன ஆகும்? அந்த ஷெட்டில் அவர் நிமிர்ந்து உட்கார்கிற ஒரே இடம் ஒயரிங் மேசை. அதை எடுத்துவிட்டால், எறக்கி வைத்த மூன்று பெயரும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்,” என்றார் முதலாளி.

“நானும் வரேன் சார்,” என்றார் அக்கா.

வேனில் கிளம்பினோம். திருநீர்மலை வந்ததும் டிரைவர் பழக்கதோஷத்தில், “அக்கா, பெருமாள்...” என்று ஆரம்பித்து மேனேஜரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா காலைப் பார்த்தார். பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டார். கடைசியாக மெரூன் பாட்டிலைத் தொட்டதும் பையை மூடினார்.

மண்டபத்து சுவிட்ச் ரூமில் டீசல் நாற்றமும் வாடின மாலை நாற்றமும் கலந்து வந்தன. அந்த மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஓரமாகப் பயந்து நின்றார். கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, பேனல் கதவைத் திறந்து மேனேஜரே உள்ளே கைவிட்டு ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். அடி வரிசையில் ஒன்று கையோடு வந்தது. ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட் ஆகு என்று சொல்கிற ஒயர்.

“பாத்தீங்களா சார்? இதான். முறுக்கவே இல்ல. மறந்துட்டாங்க.”

அக்கா டார்ச்சை எடுத்து அந்த இடத்தில் அடித்தார்.

“சார், ஒயர பாக்காதீங்க. கோட்ட பாருங்க.”

முதலாளி குனிந்தார். இருநூறு ஸ்க்ரூக்களின் மேல் இருநூறு மெரூன் கோடுகள், பல் வரிசை மாதிரி நேராக இருந்தன. அடி வரிசையில் மட்டும், பக்கத்துப் பக்கத்தில் ஆறு ஸ்க்ரூக்களில் கோடு உடைந்திருந்தது. பிளாஸ்டிக்கில் பாதிக் கோடு ஒரு திசையில், ஸ்க்ரூ தலையில் மீதிக் கோடு வேறு திசையில். ஆறில் ஐந்து இறுக்கமாகத்தான் இருந்தன. ஒன்று ஆடியது.

“முறுக்காம நான் கோடு போட மாட்டேன் சார். கோடு கீதுன்னா முறுக்குனேன். ஒடஞ்சி கீதுன்னா, எனக்கப்புறம் யாரோ தொறந்துக்கீறாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“இந்த மண்டபத்து ஆளு கை வச்சிருப்பான்,” என்றார் மேனேஜர், எலக்ட்ரீஷியனைத் திரும்பிப் பார்த்து. அந்த ஆள், “ஐயோ சார், நான் கதவையே தொறக்கல சார்,” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆறு ஒயர். கன்ட்ரோலருக்குப் போகிற ஆறு. வோல்ட் விடும் முன்னால் கழற்றியது நான். திரும்ப மாட்டும்போது ஐந்தை முறுக்கிவிட்டு, ஆறாவதில் விரலால் இரண்டு சுற்று சுற்றிய நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, முடித்துவிட்டோம் என்று நினைத்து கதவை மூடினேன். என் பிரசித்தி பெற்ற ஞாபகசக்தி இந்தக் காட்சியை அப்போதுதான், அந்த டார்ச் வெளிச்சத்தில்தான், எனக்குக் காட்டிக் கொடுத்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். டெஸ்டிங் தவிர அந்த ஆறை வேறு யாரும் கழற்ற மாட்டார்கள் என்று ஒயரிங் செய்கிறவருக்குத் தெரியாதா? என் பெயரைச் சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். சொல்லாமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கும்பிட்ட கையை அந்த எலக்ட்ரீஷியன் இன்னும் இறக்கவில்லை.

“நான்தான் சார்,” என்றேன். “டெஸ்டிங்ல கழட்டினேன். திரும்ப முறுக்க மறந்துட்டேன்.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியைத் தட்டிக் காட்டுகிற ஆளாயிற்றே என்று நினைத்திருப்பார். மேனேஜர் தன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் வைத்தார்.

“ரெண்டு சஜ்தா சார்,” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. “போட்டுட்டு எழுந்துருங்க. வேலை கீது.”

அடி வரிசை ரொம்பத் தாழ்வாக இருந்தது. மண்டியிட்டுத் தலையைத் தரையருகே கொண்டுபோனால்தான் கை எட்டும். அப்படியே செய்தேன். ஆறையும் முறுக்கினேன். கோடு போட அவர் பாட்டிலை நீட்டுவார் என்று கையை நீட்டினேன்.

“இது என் கலரு. நான் முறுக்குனதுக்குத்தான் இது. நீங்க முறுக்குனதுக்கு உங்க கலரு வாங்கியாங்க. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாருதுன்னு தெரியணும்ல?”

மண்டபத்துக்கு எதிரே ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். கம்பெனி சட்டையோடு, முட்டியில் டீசல் கறையோடு போய் நெயில் பாலிஷ் கேட்டேன். கவுண்டர் பெண், “அக்காவுக்கா, அண்ணிக்கா? அவங்க மாநிறமா, செவப்பா?” என்று விசாரித்தாள். “பேனலுக்கு,” என்றேன். கையில் முதலில் கிடைத்ததை அவசரமாக வாங்கிக்கொண்டு வந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ரோஸ். முதலாளி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரிக்கவே இல்லை.

ஆறு ரோஸ் கோடு போட்டேன். உடைந்த மெரூன் கோடுகளைச் சுரண்டிவிடலாமா என்று கேட்டதற்கு அக்கா, கெடக்கட்டும் என்றார். பிறகு கரண்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் மெயினை அணைக்கச் சொன்னார் முதலாளி. மண்டபம் இருண்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெனரேட்டர் ஒருமுறை இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. மண்டபம் முழுக்க விளக்கெரிந்தது. சமையல் கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அக்கா ஆவி பறக்க அந்த டீயைக் கடைசி வரைக்கும் சூடாகக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது வேனில் முதலாளி கேட்டார், “ஏம்மா, இனிமே இந்த மாதிரி நடக்காம இருக்க என்ன பண்ணலாம்?”

“நடக்காம இருக்காது சார். நடந்தா கண்டுபுடிக்கறா மாதிரி வைக்கலாம். ஸ்க்ரூ மேல கை வைக்கிற எல்லாரும் ஆளுக்கொரு கலரு. யார் தொறந்தாலும் அவங்க கலர் போட்டாத்தான் பேனல் வண்டி ஏறும்.”

“அத யாரு பாக்கறது?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், “அக்காதான் சார் பாக்கணும்.” வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் ஞாபகமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரத்திலிருந்து எந்தப் பேனலும் அக்கா பார்க்காமல் ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. நான் பாஸ் செய்ததையும் அவர் பார்ப்பார். மேனேஜருக்கு வானவில் மாதிரி ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டும் வேலை கிடைத்தது. யார் யாருக்கு எந்தக் கலர் என்று ஸ்கேலால் கோடு போட்டு அழகாகத்தான் எழுதியிருந்தார். அடுத்த வருடம் பெரிய கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, இந்த முறை பிரமாதமாக இருக்கிறதே என்று வியந்தபோது, “எங்க ஸ்டாண்டர்ட் சிஸ்டம் சார்,” என்றார் கூச்சமே இல்லாமல். பக்கத்தில் நின்ற அக்கா, அப்போதுதான் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் தலைமேல் இருந்தது. டிபன் பாக்ஸ்கள் வழக்கம்போல மாதம் ஒன்று தொலைந்துகொண்டுதான் இருந்தன.

பிறகு நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். பல வருடம் கழித்து, நண்பன் மகள் கல்யாணம் என்று போனால் அதே மண்டபம். பந்தியில் உட்கார்ந்து சாம்பாரை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டுகிறேன், கரண்ட் போய்விட்டது. பக்கத்தில் ஒருவர், “என்ன சார் மண்டபம் இது?” என்று ஆரம்பிப்பதற்குள் தூரத்தில் ஒரு இருமல், ஒரு உறுமல். விளக்கு வந்துவிட்டது. சாம்பார் வாளியோடு நின்ற பையனைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு நேராக சுவிட்ச் ரூமுக்குப் போனேன். பேனல் மேல் தூசி படிந்திருந்தது. கதவைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். கோடுகள் கொஞ்சம் மங்கியிருந்தன, ஆனால் ஒன்றுகூட நகரவில்லை. அடி வரிசையில் ஆறு மெரூன் கோடுகள் உடைந்தபடியே இருந்தன, அவற்றின் பக்கத்தில் என் ஆறு ரோஸ் கோடுகள் அப்படியே நேராக இருந்தன. அந்த டீசல் நாற்றத்தில் நின்று எனக்குக் கண் கலங்கியது.

அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். போனை எங்கே வைத்தோம் என்று அந்தப் போனின் சத்தத்தைக் கேட்டே தேடிக்கொண்டிருந்தாராம்.

“அக்கா, நான் எங்க நிக்கறேன் சொல்லுங்க? நம்ம மண்டபம்! சேலையூர் மண்டபம்!”

“எந்த மண்டபம் சார்?”

“என்னக்கா, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலன்னு நாம எல்லாரும் போனோமே, நான்கூட ரோஸ் கலர் வாங்கினேனே...”

“ரோஸு... ரோஸு...” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

“சுத்தமா ஞாபகம் இல்ல சார். கோடு எப்டி கீது?”

“நேரா இருக்குக்கா. எல்லாமே நேரா இருக்கு.”

“அப்ப சரி. அது ஞாபகம் வச்சிக்கினு கீது இல்ல? நான் வேற எதுக்கு வச்சிக்கணும்?”